ஆரோவிலும் அதன் அண்டை ஊர்களும்: அரை நாளில் முடியாத ஒரு பயணம்

புதுச்சேரிக்குச் சுற்றுலா வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆரோவிலுக்கு அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். பார்வையாளர் மையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, சிறு காணொளி ஒன்றைப் பார்த்து, இலவச அனுமதிச் சீட்டைப் பெற்றுக்கொண்டு, மரநிழலில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்து, மாத்ரிமந்திர் என்னும் தியான மண்டபத்தின் பொன்னிறக் கோளத்தைக் காட்சி மேட்டிலிருந்து பார்க்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு, ஊதுவத்தியோ சோப்போ வாங்கிக்கொண்டு, மாலைக்குள் கடற்கரைச் சாலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த அரை நாளைப் பொறுத்தவரை ஏற்பாடுகள் நேர்த்தியானவை. நெரிசலைச் சமாளிக்கும் விதமும், எங்கும் குப்பை சேராமல் பார்த்துக்கொள்ளும் அக்கறையும் நம் சுற்றுலாத் தலங்கள் பலவற்றில் காணக் கிடைக்காதவை. ஆனால் ஆரோவில் என்பது மக்கள் வாழும் குடியிருப்பு. அதைச் சுற்றி அதற்கு மிக முன்பிருந்தே மக்கள் வாழ்ந்துவரும் ஊர்கள் இருக்கின்றன. அவ்வூர்களையும் சேர்த்துப் பார்க்காதவர் ஆரோவிலைப் பாதிதான் பார்த்திருக்கிறார் என்பது என் உறுதியான கருத்து. இந்த மதிப்புரையை அந்த நோக்கிலேயே எழுதுகிறேன்.

பார்வையாளர் மையத்திலிருந்தே தொடங்கலாம். அந்தக் கட்டடத்தை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. அதன் சுவர்களும் வளைவுகளும் அழுத்தப்பட்ட மண்கற்களால் ஆனவை. இங்குள்ள செம்மண்ணோடு ஏறத்தாழ 5 விழுக்காடு சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் பொறியில் வைத்து அழுத்தி, சூளையில் சுடாமல், சில வாரங்கள் நீர் தெளித்துப் பதப்படுத்திய கற்கள் இவை. விறகும் நிலக்கரியும் எரியாமல் உருவான கல் என்பதே இதன் சிறப்பு. பூச்சு இல்லாத அந்தச் சுவரின் அருகில் நின்று கையால் தடவிப் பார்த்தால், கல்லின் முகம் வழுவழுப்பாகவும், அதன் விளிம்புகள் கத்தியால் சீவியதுபோலவும் இருப்பதும், இரண்டு கற்களுக்கு இடையிலான சாந்து விரல் தடிமன்கூட இல்லாததும் தெரியும். ஏழைகளுக்கான கட்டடக்கலைக்கென எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தியின் பெயரால் வழங்கப்படும் விருதை இந்த வளாகம் 1992-இல் பெற்றது. மண் வீடு என்றாலே மழையில் கரையும் குடிசை என்று எண்ணிப் பழகியவர்கள், பல ஐப்பசி, கார்த்திகை மழைகளைக் கண்ட இந்த வளைவுகளுக்குக் கீழே நின்று அந்த எண்ணத்தை மறுபரிசீலனை செய்யலாம்.

காட்சி மேட்டுக்குச் செல்லும் பாதை நன்றாகப் பராமரிக்கப்படுகிறது. நடக்க இயலாத முதியவர்களுக்கு வண்டி வசதியும் உண்டு. முடிந்தவர்கள் நடந்தே செல்ல வேண்டும் என்பேன். அந்த நடையே கண்ணை மெல்லத் தயார்ப்படுத்துகிறது. மாத்ரிமந்திருக்கு 1971 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. பணி முடிந்தது 2008-இல். ஏறத்தாழ 36 மீட்டர் விட்டமுடைய அந்தக் கோளம் மண்ணைப் பிளந்துகொண்டு மேலெழுவதுபோல, சிவப்புக் கல் போர்த்திய 12 இதழ்களுக்கு நடுவே அமைந்திருக்கிறது. வெளிப்புறத்தை மூடியிருக்கும் வட்டத் தகடுகளில் மெல்லிய பொன் இழை பதிக்கப்பட்டுள்ளது. வெயில் ஏற ஏற அதன் நிறம் மாறுவதால், உச்சி வேளையைவிடக் காலை வேளையே பார்க்க உகந்தது. அருகே விழுதுகள் பரப்பி நிற்கும் ஆலமரம் நூறாண்டைக் கடந்தது. நகரின் வரைபடத்துக்கு நடுவிடமாக அந்த மரத்தையே தேர்ந்தெடுத்தார்கள். கோளத்தைப் பார்க்க வருகிறவர்கள் அதற்கும் மூத்த அந்த மரத்தையும் சற்று நின்று பார்க்க வேண்டும்.

உள்ளரங்குக்குச் செல்ல முன்பதிவு தேவை; வந்த அன்றே நுழைந்துவிடலாம் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். இந்தக் கட்டுப்பாட்டைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. வெண்பளிங்குச் சுவர்கள், 12 வெண்தூண்கள், நடுவில் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கோளம், கூரையிலிருந்து ஆடிகளின் வழியே அதன்மேல் நேராக இறங்கும் ஒற்றைச் சூரியக் கதிர் ஆகியவை மட்டுமே உள்ள ஓர் அறை அது. அங்கே சிலையோ படமோ மலரோ ஊதுவத்தியோ கிடையாது. வெள்ளைக் காலுறை அணிந்து, பேசாமல் அமர வேண்டும். ஒருவர் இருமினால்கூட அறை முழுவதும் கேட்கும். கூட்டத்தை அனுமதித்தால் அந்த அறைக்கு எந்தப் பொருளும் இல்லாமல் போய்விடும். ஆகவே, இரண்டாம் முறை வரத் திட்டமிடுபவர்கள் முன்னதாகவே பதிவு செய்துகொண்டு வருவது நல்லது.

இந்தக் குடியிருப்பின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீ அரவிந்தரின் ஆன்மிகத் துணைவராக விளங்கிய அன்னை என்னும் மிர்ரா அல்ஃபாசா, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத, மனிதகுலம் முழுமைக்கும் உரிய ஒரு நகரத்தைக் கற்பனை செய்தார். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் பிரதிநிதிகள் கொண்டுவந்த மண், தாமரை மொட்டு வடிவப் பளிங்குத் தாழி ஒன்றில் இடப்பட்டு ஆரோவில் தொடங்கப்பட்டது. பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ரோஜர் ஆங்கர் விண்மீன் மண்டலம்போலச் சுழலும் வடிவில் நகரை வரைந்தார். திட்டம் 50,000 பேருக்கானது. இன்று வாழ்கிறவர்களோ ஏறத்தாழ 3,300 பேர், அவர்கள் அறுபதுக்கு நெருக்கமான நாடுகளிலிருந்து வந்தவர்கள். நிர்வாகம் குறித்த பிணக்கு முற்றியதால் 1980-இல் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்த வழக்கில், ஆரோவில் ஒரு மதப் பிரிவு அன்று என்ற நிலைப்பாட்டோடு உச்ச நீதிமன்றம் 1982-இல் அச்சட்டத்தை ஏற்றது. பின்னர் 1988-இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. மையத்தில் உள்ள கண்காட்சியில் இந்த வரலாற்றின் முக்கியப் பகுதிகளைத் தெரிந்துகொள்ளலாம்.

வரைபடத்தில் அந்த வட்டம் மிக ஒழுங்காகத் தெரியும். நகரப் பகுதிக்கு 1.25 கிலோமீட்டர் ஆரம். அதைச் சூழ்ந்த பசுமை வளையத்தையும் சேர்த்தால் 2.5 கிலோமீட்டர். ஆனால் தரையில் இறங்கி நடந்தால் வட்டம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. ஆரோவிலின் தோப்பு ஒன்று, அதை ஒட்டி ஊர்க்காரர் ஒருவரின் முந்திரிக் கொல்லை, அப்பால் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலைப் பயிர், அதையடுத்து வேலியிட்ட விருந்தினர் இல்லம், பிறகு மாரியம்மன் கோயில் என்று நிலம் துண்டு துண்டாகக் கோத்துக் கிடக்கிறது. வட்டத்துக்குள்ளும் அதன் விளிம்பிலும் குயிலாப்பாளையம், இடையன்சாவடி, ஆலங்குப்பம், கோட்டக்கரை, பொம்மையார்பாளையம், இரும்பை முதலிய ஊர்கள் இருக்கின்றன. பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்தது; சில துண்டுகள் புதுச்சேரி எல்லைக்குள் வருகின்றன. ஒரே தெருவில் நடந்துகொண்டே மாநில எல்லையைக் கடந்துவிடும் விந்தை இந்தப் பக்கத்து மக்களுக்கு அன்றாட நிகழ்வு.

இவ்வூர்களில் முதலில் பார்க்க வேண்டியது இரும்பை. திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலையின் பக்கமாக அமைந்த இந்தச் சிற்றூரில் உள்ள மாகாளேசுவரர் கோயில், திருஞானசம்பந்தர் பாடிய தொண்டை நாட்டுத் தலம். தேவாரத்தில் இதன் பெயர் இரும்பை மாகாளம். ஏழாம் நூற்றாண்டிலேயே பதிகம் பெற்ற ஊர் அருகில் இருக்கும்போது, ஒன்றுமில்லாத பொட்டலில் ஒரு நகரம் எழுந்தது என்று சொல்வது முழு உண்மையாகாது. கருவறையில் உள்ள லிங்கம் பிளவுபட்டது. செப்புத் தகட்டால் இணைத்துக் கட்டியிருக்கிறார்கள். கடுவெளிச் சித்தரின் தவத்தை நடனப் பெண்ணைக் கொண்டு கலைத்து, பின்னர் அவரை ஊரார் எள்ளி நகையாடியபோது, அவர் பாடிய பாட்டில் லிங்கம் வெடித்தது என்பது தலவரலாறு. சித்தரின் சினத்தால் நிலம் வறண்டது என்றும், தொலைதூரத்து மக்கள் வந்து அதை மறுபடி பசுமையாக்குவார்கள் என்றும் இந்தக் கதையை நீட்டிச் சொல்கிறார்கள். ஆரோவிலோடு பொருத்திப் பார்க்க இந்தப் பிற்பகுதி எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. கோயில் அர்ச்சகரிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ கேட்டால், அவரவர் மொழியில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வரலாம். நண்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதால் காலையிலேயே போய்விட வேண்டும்.

பசுமையாக்கிய வரலாறும் கதையைப் போலவே கேட்கத் தகுந்தது. 1968-இல் எடுத்த படங்களில் தெரிவது சில பனைமரங்களும் வெறும் செம்மண் மேடும்தான். மரங்கள் வெட்டப்பட்டு, ஆடுமாடுகள் மேய்ந்து, மேல்மண் ஒவ்வொரு பருவமழையிலும் ஓடைகளை அறுத்துக்கொண்டு கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலம் அது. முதலில் மழைநீரை நிறுத்த வரப்புகளும் தடுப்பணைகளும் எழுப்பினார்கள். பிறகு வெயிலைத் தாங்கும் ஆஸ்திரேலிய வேல மரங்களை நட்டு நிழல் உண்டாக்கினார்கள். அந்த நிழலில்தான் இந்தக் கடற்கரைப் பகுதிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களான வீரை, காசான், கருங்காலி, வெப்பாலை போன்றவை மீண்டும் தலையெடுத்தன. வரப்பு கட்டவும், குழி தோண்டவும், குடத்தில் நீர் சுமந்து கன்றுகளுக்கு ஊற்றவும் இந்த ஊர்களின் ஆண்களும் பெண்களும்தான் தோள் கொடுத்தார்கள். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் என்று பெருமையோடு சொல்லப்படும் கணக்கில் அவர்களுடைய உழைப்பும் அடங்கியிருக்கிறது என்பதை வருகிறவர்கள் மறக்கக் கூடாது. பிச்சாண்டிக்குளம் காட்டுப் பகுதியில் மூலிகைகளையும் நாட்டு மரங்களையும் பேணி வருகிறார்கள். அனுமதி பெற்று வழிகாட்டியோடு நடந்தால் ஒரு காலைப் பொழுது போவது தெரியாது. அவ்வாறு நடக்கும்போது தலைக்கு மேலே பார்ப்பதோடு காலடியையும் கவனியுங்கள். முழங்கால் உயரத்துக்கு நீண்டு செல்லும் வரப்புகளின் மேல்பக்கத்தில் இலைச்சருகு தேங்கி மண் கறுத்திருப்பதையும், கீழ்ப்பக்கத்தில் பழைய செம்மண் அப்படியே இருப்பதையும் காணலாம். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் இங்கே எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. அதன் பிறகு வளர்ந்த தலைமுறைதான் இன்று பல இடங்களில் கண்ணுக்குத் தெரிகிறது.

குயிலாப்பாளையம் வேறு வகையான ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய முதலியார்சாவடி அருகே திரும்பி ஆரோவிலுக்குப் போகும் சாலை இதன் நடுவே செல்வதால், பார்வையாளர்கள் எல்லோரும் இவ்வூரைக் கடந்தே போகிறார்கள். இறங்கிப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். வாடகை மோட்டார் சைக்கிள் கடைகள், ரொட்டி அடுமனை, தையற்கடை, காய்கறிக் கடை, வெளிநாட்டவருக்கான துணிக்கடை, அதே வரிசையில் டீக்கடை என்று ஐம்பதாண்டு அண்டைமை இந்த ஒற்றைச் சாலையில் எழுதப்பட்டிருக்கிறது. ஆரோவிலின் தொடக்ககாலக் குடியிருப்புகளில் ஒன்றான ஆஸ்பிரேஷன் இவ்வூரை ஒட்டித்தான் கீற்றுக் கூரைகளோடு எழுந்தது. கீற்று முடையவும் அந்த மண்ணில் வாழவும் புதிதாக வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஊர்க்காரர்களே. இன்று இங்கே நெடுநேரம் நின்றால் ஒன்றைக் கவனிக்கலாம். பிரெஞ்சுக்காரப் பெண் ஒருவர் தயங்காத தமிழில் கீரை விலை பேசுவார். கடைக்காரரின் மகன் வெளிநாட்டுப் பயணியிடம் இரண்டு மூன்று மொழிகளில் வழி சொல்வான். ஆரோவிலின் பணிமொழிகளாகத் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு, சமஸ்கிருதம் ஆகிய நான்கும் ஏற்கப்பட்டவை. அந்த ஏற்பாட்டின் நடைமுறை வடிவத்தைக் காண இந்தச் சாலையைவிடச் சிறந்த இடம் இல்லை.

இந்த அண்டைமை ஊர்களுக்கு என்ன கொடுத்தது என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. குயிலாப்பாளையத்தில் ஐக்கியம் பள்ளி, இடையன்சாவடியில் உதவி பள்ளி, ஆலங்குப்பத்தில் இசை அம்பலம் பள்ளி ஆகியவை பெரும்பாலும் ஊர்ப் பிள்ளைகளுக்காக நடப்பவை. மனப்பாடத்தைத் தாண்டிய கல்வி கிராமப்புறத்துப் பிள்ளைகளுக்கும் எட்டும் என்பதற்கு இவை நேர்ச் சான்று. இரும்பையிலிருந்து செயல்படும் கிராமச் செயல்பாட்டுக் குழு, பெண்களின் சுய உதவிக் குழுக்களைப் பல பத்தாண்டுகளாக வளர்த்து வருகிறது. ஆயிரக்கணக்கானோர் ஆரோவிலின் தொழிற்கூடங்களிலும் தோட்டங்களிலும் வீடுகளிலும் கட்டுமானங்களிலும் வேலை பார்க்கிறார்கள். ஊரில் பிறந்து ஆரோவில்வாசிகளாகவே ஆகிவிட்ட தமிழர்களும் கணிசமாக இருக்கிறார்கள். மறுபக்கத்தில், விளைநிலத்துக்கு வந்த விலை உழுகிறவருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. வார இறுதியில் சுற்றுலா வண்டிகள் ஊர்த் தெருக்களை அடைத்துக்கொள்கின்றன. கடலுக்கு அருகிலுள்ள இப்பகுதியின் நிலத்தடி நீரை ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. மனித ஒருமைப்பாட்டை முன்னிறுத்தும் ஓர் இடத்தில், வேலை கொடுப்பவர், வேலை செய்பவர் என்ற பிரிவு கண்ணுக்குத் தெரியத்தான் செய்கிறது. அந்தக் கேள்வியை ஆரோவில்வாசிகளும் நெடுங்காலமாகத் தங்களுக்குள் கேட்டுவருகிறார்கள். பார்வையாளரும் அதைக் கேட்டுக்கொண்டே நடப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

உணவைப் பொறுத்தவரை, சோலார் கிச்சன் என்று அழைக்கப்படும் பொதுச் சமையற்கூடத்தைப் பார்க்க முயல வேண்டும். அதன் மொட்டைமாடியில் 15 மீட்டர் அகலமுள்ள, உள்ளே கண்ணாடித் துண்டுகள் பதித்த மாபெரும் கிண்ணம் ஒன்று அமைந்திருக்கிறது. கிண்ணம் அசையாது, சூரியனைத் தொடர்ந்து அதன் குவிமையத்தில் உள்ள நீண்ட கொதிகலன் குழாய் மட்டுமே நகரும். அங்கே உருவாகும் வெப்பத்தால் நீராவி எடுத்து, வெயில் நன்றாக இருக்கும் நாளில் ஆயிரம் பேருக்கான மதிய உணவு சமைக்கும் அளவுக்குத் திறன் கொண்டது. மேகமூட்டமான நாளில் வழக்கமான எரிபொருள் கைகொடுக்கும். இங்கே ரொக்கப் பணம் செல்லாது. விருந்தினர்களாகத் தங்குகிறவர்கள் ஆரோகார்டு என்னும் முன்பணம் செலுத்திய அட்டையைப் பயன்படுத்த வேண்டும். ஒரு வேளை மட்டும் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது சுற்றிவளைக்கும் ஏற்பாடாகத் தோன்றலாம். குடியிருப்புக்குள் ரொக்கம் புழங்கக் கூடாது என்ற தொடக்ககால இலட்சியத்தின் எச்சமாக அதைப் புரிந்துகொண்டால் எரிச்சல் வராது. அவசரமாகப் பசியாற விரும்புவோருக்குப் பார்வையாளர் மையத்தின் உணவகமே போதும்.

கடைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஊதுவத்தி, மெழுகுவத்தி, மண்பாண்டம், கைத்தறி ஆடை, இசைக் கருவிகள் எல்லாம் தரமானவை. விலை சற்று உயர்வுதான். வாங்குவதற்கு முன் அந்தப் பொருள் எந்த ஊரில், யார் கையால் ஆனது என்று விற்பவரிடம் கேளுங்கள். பழைய செய்தித்தாளைச் சுருட்டிப் பெண்கள் செய்யும் கூடைகளும் நகைகளும் போன்றவற்றுக்குப் பின்னால் இந்த ஊர்ப் பெண்களின் கைத்திறன் இருப்பது தெரியவரும்.

செல்கிறவர்கள் காதில் விழக்கூடிய மற்றொரு செய்தி, நகரைச் சுற்றிவரும் வட்டச் சாலை குறித்த சச்சரவு. 2021 டிசம்பரில் அதற்காக மரங்களை அகற்றும் பணி தொடங்கியபோது குடியிருப்பாளர்கள் பலர் எதிர்த்தார்கள். 2022-இல் பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடுகள் விதித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. வரைபடத்தில் உள்ள நகரத்தை முழுமையாகக் கட்ட வேண்டும் என்போரும், வளர்ந்துவிட்ட காட்டுக்கு ஏற்ப வரைபடத்தை நெகிழ்த்த வேண்டும் என்போரும் இருக்கிறார்கள். இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்காமல் கருத்துச் சொல்வது முறையாகாது. ஆனால் சாலை எப்படிப் போனாலும் அதன் விளைவு அண்டை ஊர்களின் நிலத்திலும் நீரிலும் போக்குவரத்திலும் தெரியும் என்பதால், அவ்வூர்களின் ஊராட்சிகளுக்கும் இந்த உரையாடலில் உரிய இடம் இருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

பார்வையாளர்களுக்கான தற்போதைய ஏற்பாட்டில் எனக்குத் தோன்றும் பெரிய குறை ஒன்றே. அது எல்லோரையும் ஒரே பாதையில், ஒரே கோளத்தை நோக்கி அழைத்துச் செல்கிறது. இரும்பைக்கோ கோட்டக்கரைக்கோ செல்லும் வழியை, நடக்கவும் சைக்கிளில் போகவும் ஏற்ற வகையில், ஊரார் ஒப்புதலோடும் ஊர் இளைஞர்களையே வழிகாட்டிகளாகக் கொண்டும் அமைத்துக் கொடுத்தால், வருகிறவர்களின் புரிதலும் விரியும், வருமானமும் ஊருக்குள் பரவும். அதுவரை அந்த வேலையைப் பார்வையாளரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, மார்கழி தொடங்கி மாசி வரையிலான நாள்கள் இதற்கு ஏற்றவை. ஓர் இரவாவது தங்குங்கள். ஆரோவில் விருந்தினர் இல்லம் கிடைக்காவிட்டால் ஊர்களுக்குள்ளேயே தங்குமிடங்கள் இருக்கின்றன. சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, முதல் நாள் மாத்ரிமந்திரையும் குயிலாப்பாளையத்தையும் பார்த்துவிட்டு, மறுநாள் வெயில் ஏறுமுன் இடையன்சாவடி வழியாக இரும்பைக்குச் செல்லலாம். செம்மண் பாதைகளில் சிறு வழிகள் பிரிந்துகொண்டே இருக்கும். பலகைகளை நம்புவதைவிட எதிரே வருகிறவர்களைக் கேட்பது மேல். வீடுகளையும் மக்களையும் அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். திரும்பும்போது வந்த வழியே கடற்கரைச் சாலைக்கு வராமல், இரும்பையிலிருந்து நேராகத் திண்டிவனம் நெடுஞ்சாலையை அடைந்துவிட்டால், சென்னைக்குப் போகிறவர்களுக்குப் பேருந்து பிடிக்கவும் வசதி.